ஆறு மாதம் என்று சொல்லிப் போனவள்

பிப்ரவரி 9

அன்புள்ள குட்டிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். போனில் கேட்டால் "நல்லாருக்கேன்" என்கிறாய். அதற்கு மேல் எனக்குத் தெரிய வழியில்லை. நீ அழைக்கும்போதெல்லாம் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். நான் "ம்" என்றால்கூட "என்ன சொல்றா?" என்று கேட்கிறாள். பிறகு போனை வாங்கிக்கொண்டு தன் வயிற்றைப் பற்றி ஆரம்பித்துவிடுகிறாள். இந்த இரண்டு அறை வீட்டில் தனியாகப் பேசுவது என்று ஒன்று கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன். பதிலைக் கல்லூரி முகவரிக்குப் போடு.

ஏஜென்சி அனுப்பிய இரண்டாவது பெண்ணும் நின்றுவிட்டாள். முதலில் வந்தவளுக்கு அம்மா 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்திருந்தாள், எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்டதால். இவளுக்குப் 'பூனை'. நடந்து வருவது காதில் விழாதாம். கண் தெரியாதவள் இருக்கும் வீட்டில் சத்தமில்லாமல் நடப்பது மரியாதை இல்லை என்பது அம்மாவின் கட்சி. போன திங்கட்கிழமை பால் வாங்கிவருகிறேன் என்று இறங்கியவள் வரவில்லை. ஏஜென்சிக்காரரைக் கேட்டால், "மேடம், இப்ப எந்தப் பொண்ணும் வீட்டு வேலைக்கு நிக்க மாட்டேங்குது. எல்லாம் கம்பெனி பஸ்ல ஏறிடுது. நான் என்ன பண்ண?" என்றார். என்னைவிட அவர் களைத்திருந்தார்.

ஆக எனக்கு விடுப்பு. அம்மாவைக் குளிக்க வைக்க எனக்கு வரவில்லை. "நீ பாத்திரம் கழுவற மாதிரி கழுவற" என்றாள். இடுப்பு எலும்பு முறிந்த பக்கம் வலிக்காமல் எப்படிப் பிடித்துத் தூக்க வேண்டும் என்று நீ சொல்லிவிட்டுப் போனது எனக்கு நினைவிருக்கிறது, கைகளுக்குத்தான் நினைவில்லை.

இதற்கு நடுவே என் அத்தியாயம். ஆய்வு நிறுவனம் கேட்டிருக்கிறது என்று சொன்னேனே: பெரிய வளரும் நாடுகளில் பொருளாதார வளர்ச்சியை எது இயக்குகிறது? உலகத்தில் பாதிப் பேர் இதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள். மீதிப் பேர் அதை மறுத்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது பக்கம் நிரப்பும் வேலை. ஆனால் இயக்குநர் இன்னொன்றும் கேட்டிருக்கிறார். ஜூலையிலிருந்து இரண்டு வருடம் அங்கேயே வந்து அந்த ஆய்வுக் குழுவை நடத்த முடியுமா என்று. ஒரே பாடத்தை ஒரே கரும்பலகையில் இருபத்தைந்து வருடம் நடத்தியவளிடம் கேட்டிருக்கிறார். வேறு ஊர். அம்மாவை அழைத்துப்போக முடியாது; மூன்று மாடி இறக்குவதற்கே ஆம்புலன்ஸ் ஆட்கள் வேண்டும்.

நீ ஆறு மாதம் என்று சொல்லிப் போனாய். ஜூன் தொடக்கத்தில் முடிகிறது. நான் அவசரப்படுத்தவில்லை. தேதியை மட்டும் சொல்கிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அக்கா


பிப்ரவரி 21

பிரியமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். 'பாத்திரம் கழுவற மாதிரி' என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். இறங்கி வந்த இரண்டு பெண்கள், "வார்டனுக்குக் காதல் கடிதம் வந்திருக்கு" என்று கீழே போய்ச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் மாப்பிள்ளைக்கு உத்தியோகமும் முடிவாகிவிட்டது. கப்பல் கேப்டனாம்.

அம்மாவைத் தூக்கும்போது அவள் கையை உன் கழுத்தில் போடச் சொல்லாதே, தோளில் போடச் சொல். தண்ணீரை முதலில் பாதத்தில் ஊற்று. தலையில் ஆரம்பித்தால் பயப்படுவாள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே கைப்பேசி பொருத்தும் லைன் இரவும் பகலும் ஓடுகிறது. அதனால் என் ஹாஸ்டலும் ஓடுகிறது. ஒரு கட்டிலுக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி ஷிப்டுக்குப் போனதும் மற்றவள் வந்து படுக்கிறாள். மெத்தை பொது, தலையணை அவரவருடையது. சிலர் தங்கள் கட்டில்காரியைப் பார்த்ததே இல்லை. மெத்தைக்கடியில் ஒரு சாக்லேட் வைத்துவிட்டுப் போவதோடு உறவு சரி. எல்லோருக்கும் ஒரே நீலச் சீருடை. கொடியில் காயும்போது எது யாருடையது என்று தெரியாமல் சண்டை வரும். அதனால் காலருக்குள் ஆளுக்கொரு நிறத்தில் நூல் போட்டுக்கொள்கிறார்கள். யாருக்கு எந்த நிறம் என்று ஒதுக்குவது நான். தனி நிறங்கள் எப்போதோ தீர்ந்துவிட்டன. இப்போது இரண்டிரண்டாகச் சேர்த்துக் கொடுக்கிறேன். "மேடம், எனக்குப் பிரவுன் வேணாம், அழுக்கு மாதிரி இருக்கு" என்று ஒருத்தி அழுதே விட்டாள். பதினெட்டு வயசு. வீட்டை விட்டு வந்ததற்கு அழவில்லை, பிரவுனுக்கு அழுகிறாள்.

எனக்கு ஒரு மேசை கொடுத்திருக்கிறார்கள், அக்கா. இழுப்பறைக்குச் சாவி உண்டு. உள்ளே ஒன்றும் இல்லை. ஆனாலும் தினமும் பூட்டுகிறேன்.

ஜூனைப் பற்றி எழுதியிருந்தாய். பார்க்கலாம்.

அன்புடன்,
குட்டி


மார்ச் 14

அன்புள்ள குட்டிக்கு,

தண்ணீரைப் பாதத்தில் ஆரம்பித்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளும் வயது எனக்கு வந்துவிட்டது.

நல்ல செய்தி. புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். பேச்சை நிறுத்துவதே இல்லை. அம்மா முதல் நாளே 'ரேடியோ' என்று பெயர் வைத்துவிட்டாள். அவளுக்கும் அது பிடித்துவிட்டது; வாசல் மணியை அடித்துவிட்டு "ரேடியோ வந்திருக்கேன்" என்கிறாள். அம்மாவைச் சன்னலோரம் உட்கார வைத்துத் தெருவை ஒலிபரப்புகிறாள். "எதிர்வீட்டு டாக்டர் காரைப் பின்னால எடுக்கறாரு. எடுக்கறாரு. இடிச்சிட்டாரு. இறங்கிப் பாக்கறாரு. யாரும் பாக்கலன்னு நெனச்சிக்கிட்டுப் போறாரு." அம்மா சிரிக்கிறாள். அந்தச் சத்தம் இந்த வீட்டில் கடைசியாக எப்போது கேட்டது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நானும் மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். பதினாறு வருடம் நீ அம்மாவைப் பார்த்துக்கொண்டாய். நாட்டின் வருமானக் கணக்கில் அதற்கு மதிப்பு பூஜ்யம்; வீட்டுக்குள் சம்பளமில்லாமல் செய்வதை அங்கே சேர்ப்பதில்லை. நீ வேலைக்குப் போனாய், உன் சம்பளம் ஏறியது. உன் இடத்துக்கு ரேடியோ வந்தாள், அவள் சம்பளமும் ஏறியது. ஆக, நீ வீட்டைவிட்டுப் போனதில் நாடு இரண்டு தடவை வளர்ந்திருக்கிறது. குளிப்பது என்னவோ அதே அம்மாதான்.

வளர்ச்சிக்குக் காரணம் என்று எல்லோரும் சொல்வது சாலை, மின்சாரம், முதலீடு, ஏற்றுமதி, படிப்பு. நான் எதையும் மறுக்கவில்லை. ஆனால் பிரித்துப் பார்த்தால் ஒரு பெரும் பங்கு வேறொன்றிலிருந்து வருகிறது. குறைவாக விளையும் இடத்தில் முடங்கிக் கிடந்த ஆள், அதிகம் விளையும் இடத்துக்கு நகர்வது. வயலிலிருந்து ஆலைக்கு. சமையலறையிலிருந்து உன் லைனுக்கு. இதில் உள்ள சிக்கல், ஒருவர் ஒரு தடவைதான் நகர முடியும். நகர வேண்டியவர்கள் எல்லோரும் நகர்ந்த பிறகு அந்த வேகம் நின்றுவிடும். அப்புறம் வேறு ஏதாவது வேண்டும். அது எது என்று தெரிந்ததுபோல் பேசுகிறவர்கள் நிறைய. தெரிந்தவர் யாரென்று எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் என் பேனா நிற்கிறது.

ரேடியோ இருக்கும் தைரியத்தில் இயக்குநரிடம் 'அநேகமாக வருவேன்' என்று சொல்லியிருக்கிறேன். அவள் பகலுக்கு. இரவுக்கும் பொறுப்புக்கும் நீ வேண்டும். பார்க்கலாம் என்று மறுபடி எழுதாதே.

எதிர்பார்க்கும்,
அக்கா


ஏப்ரல் 6

பிரியமுள்ள அக்காவுக்கு,

பார்க்கலாம் என்று எழுதமாட்டேன். வேறு என்ன எழுதுவது என்றுதான் இத்தனை நாள்.

போன வாரம் பெரிய மனிதர்கள் சிலர் ஆலையைப் பார்க்க வந்தார்கள். உன் கூட்டம்தான், கண்ணாடி, தோள்பை, காதோரம் நரை. ஹாஸ்டலுக்கும் வந்தார்கள். ஒருவர் ஹாஸ்டல் பெண் ஒருத்தியிடம், "நீங்க ஏன்மா இந்த வேலைக்கு வந்தீங்க?" என்று கேட்டார்.

"பஸ் வந்துச்சு சார். ஏறிட்டேன்."

"அது சரி. அதுக்கு முன்னாடி என்ன காரணம்?"

"அதுக்கு முன்னாடி பஸ் வரல சார்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். உனக்கு உபயோகப்படுமா?

அடுத்த மாதம் புது லைன் திறக்கிறார்கள். ஆள் போதவில்லை. நம் ஊர்ப்பக்கமும் ஆள் சேர்க்கப் பஸ் விடப்போகிறார்கள்; தினமும் போய்வரும் தூரமில்லை, ஏறினால் இங்கே ஹாஸ்டலில் தங்க வேண்டியதுதான். எங்கெங்கே நிறுத்தலாம் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த தெருக்கள் என்பதால் நான்தான் குறித்துக் கொடுத்தேன். தண்ணீர்த் தொட்டி முனை, பள்ளிக்கூட வாசல், நம் தெருக்கோடி மருந்துக்கடை. வரைபடத்தில் என் விரல் தானாகப் போயிற்று. அப்படி ஒரு சந்தோஷம். ஏன் என்று கேட்காதே.

என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். மூன்று ஹாஸ்டலுக்கும் சேர்த்துத் தலைமை வார்டன். அதிகாரி காகிதத்தை நீட்டியதும் நான், "அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன் சார்" என்றேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "உங்களுக்கு என்ன வயசு மேடம்?" என்றார். "நாப்பத்திரண்டு" என்றேன். "சரி, கேட்டுட்டு வாங்க" என்றார். அவர் சிரிக்காததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதனால் கேட்கிறேன். கேட்டதாக வைத்துக்கொள்.

அன்புடன்,
குட்டி


மே 8

அன்புள்ள குட்டிக்கு,

நீ கேட்டாய். ஒரு மாதமாக நான் பதில் எழுதவில்லை. சரி என்று எழுத மனம் வரவில்லை. வேண்டாம் என்று எழுத முகம் இல்லை. இப்போது இரண்டுக்கும் அவசியமில்லாமல் போய்விட்டது.

ரேடியோ நேற்று நின்றுவிட்டாள். காலையில் வந்து அம்மாவுக்குத் தலைவாரி, சூப்பை ஆறவைத்து மூடி, துணிகளை மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் கல்லூரியிலிருந்து வந்தபோது அம்மா சன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். விளக்கைக்கூட யாரும் போடவில்லை. அவளுக்கு எதற்கு விளக்கு. "ரேடியோ எங்கம்மா?" என்றேன். "போயிட்டா. சின்னப் பொண்ணு, போகட்டும்" என்றாள். அழவில்லை, புகார் சொல்லவில்லை. பூனை போனதற்கு ஒரு வாரம் திட்டியவள்.

தெருக்கோடியில் உன் பஸ் தினமும் காலையில் நிற்கிறது. மருந்துக்கடைக்காரர் நிழலுக்குத் தகரக் கூரைகூடப் போட்டுக் கொடுத்திருக்கிறார், கூட்டத்தில் அவருக்கு நல்ல வியாபாரம். உன் பெண் சொன்ன பதில் அழகான பதில். ஆனால் பஸ்ஸை யார் அனுப்பினார்கள், ஏறியவள் விட்டுவிட்டுப் போனதை யார் எடுத்துச் செய்கிறார்கள் என்பது அதில் இல்லை. செய்கிறவள் இங்கே உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஹாஸ்டலுக்கு வேறு வார்டன் கிடைப்பாள். எனக்கு இன்னொரு தடவை இப்படி யாரும் கேட்கப்போவதில்லை. அடுத்த வருடம் ஐம்பது. இந்த வீட்டில் இருந்து வாடகை கட்டினேன், மருந்து வாங்கினேன், பரீட்சைத் தாள் திருத்தினேன். எனக்கென்று எதுவும் கேட்டதாக நினைவில்லை. இப்போது கேட்கிறேன்.

ஜூன் ஐந்தாம் தேதிக்கு ரயில் டிக்கெட் எடுத்து இதனுடன் வைத்திருக்கிறேன். கீழ்ப் படுக்கைதான்.

உன்னை எதிர்பார்க்கும்,
அக்கா


மே 19

பிரியமுள்ள அக்காவுக்கு,

டிக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறேன். ரத்து செய்தால் பாதியாவது கிடைக்கும் என்பதால் சீக்கிரம் தபாலில் சேர்க்கிறேன்.

உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு புதுப் பெண்கள் வந்து நூலுக்கு வரிசையில் நின்றார்கள். ஒருத்தி மட்டும் வாயை மூடவே இல்லை. என் மேசைக்கு வந்ததும், "மேடம், சிவப்பு வேணாம், சாயம் போகும். பச்சை இருக்கா? நீங்கதானே சின்னவங்க? அம்மா சொன்ன மாதிரியே இழுத்து இழுத்துப் பேசறீங்க" என்றாள். நீ எழுதியிருந்ததால் பெயர் கேட்காமலே தெரிந்துவிட்டது.

"ரேடியோவா?" என்றேன்.

"ஆமா மேடம். இங்கயும் அதே பேர்தான் நிக்கும்போல."

"ஏம்மா, அக்கா ஒண்ணும் எழுதலையே, சொல்லாமக் கொள்ளாம வந்துட்டியா? அங்க அம்மா தனியா இருப்பாங்களே."

"சொல்லாமயா? அம்மாதான் போகச் சொன்னாங்க." அவள் குரலை இறக்கினாள், இறக்கியும் பாதி வரிசைக்குக் கேட்டது. "தெனமும் பஸ் வர்றதச் சொல்லுவேன். யாரு ஏறறா, யாரு ஓடிவரா, யாரு செருப்பக் கையில எடுத்துக்கிட்டு ஓடிவரான்னு. ஒருநாள் கேட்டாங்க, 'நீ ஏன் ஏறல?' நான் போயிட்டா ஒங்களுக்கு யாருன்னேன். 'எனக்கு யாராவது வருவாங்க. என்கூடவே கெடந்தா நீயும் என்னை மாதிரி சன்னல்லயே உக்காந்துடுவ. போ'ன்னாங்க. நான் போகலன்னேன். ரெண்டு நாள் என்கூடப் பேசவே இல்ல. பெரியவங்ககிட்ட சொல்லிடாத, தடுப்பாங்கன்னும் சொன்னாங்க."

பச்சையும் மஞ்சளும் கொடுத்து அனுப்பிவிட்டேன். வரிசையில் அடுத்து நின்றவளுக்கு என்ன நிறம் கொடுத்தேன் என்று எனக்குத் தெரியாது.

அக்கா, இரண்டு மாதம்கூட இல்லாதவளிடம் அம்மா சொல்லியிருக்கிறாள். வற்புறுத்தியிருக்கிறாள். பதினாறு வருடத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அதை என்னிடம் சொல்லியிருந்தால், போயிருக்கமாட்டேனோ என்னவோ. "இல்லம்மா, நான் இருக்கேன்" என்றுகூடச் சொல்லியிருப்பேன். ஆனால் அது நானாக விரும்பித் தங்கியதாக இருந்திருக்கும். நீயும் சொன்னதில்லை. உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. நீ எதுவும் கேட்டதில்லை என்று எழுதியிருந்தாயே, அது உண்மை. நீ கேட்காமலே நான் இருந்தேன். அதனால் உனக்குக் கேட்க வேண்டி வரவில்லை.

ரேடியோவைத் திருப்பி அனுப்ப என்னால் முடியும். உயரம் போதவில்லை, கண் பார்வை போதவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே பஸ் ஏற்றிவிடுவார்கள். நான் சொல்லவில்லை. என்னையும் நான் அனுப்பவில்லை.

ஆறு மாதம் என்று சொன்னபோது பொய் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது. இப்போது தெரிகிறது. நிரந்தரக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். "அக்காகிட்ட கேட்டாச்சா?" என்றார் அதிகாரி. "கேட்டாச்சு சார்" என்றேன்.

மாதாமாதம் என்னால் முடிந்ததை அனுப்புவேன். அது இதற்கு ஈடு இல்லை என்று தெரியும். உன் ஜூலையை நான் எடுத்துக்கொண்டேன் என்பதும் தெரியும். மன்னிப்புக் கேட்டால் திருப்பித் தர வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை.

என்றும் உன்,
குட்டி


ஜூன் 2

அன்புள்ள குட்டிக்கு,

டிக்கெட் கிடைத்தது. ரத்து செய்துவிட்டேன்.

உன் கடிதத்தைக் கல்லூரியில் ஆசிரியர் அறையில் படித்தேன். இரண்டு வகுப்புக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவுக்குச் சூப் கொடுக்கும்போது கேட்டேன். சுற்றி வளைத்துக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

"ரேடியோவைப் போகச் சொன்னது நீங்கதானா?"

"ஆமா."

"அவளுக்குச் சொன்னதைக் குட்டிக்கு ஏம்மா ஒரு தடவைகூடச் சொல்லல?"

வாயிலிருந்ததை முழுங்கிவிட்டு, "சொல்லியிருந்தா போயிருப்பாளே" என்றாள்.

அவ்வளவுதான். சாதாரணமாகச் சொன்னாள், உப்புக் குறைவு என்று சொல்வது போல. கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே, "அந்தப் பொண்ணு போனா எனக்கு வேற ஆள் வரும். இவ போனா?" என்றாள். நான் அடுத்த கரண்டியை நீட்டினேன். சும்மா இருந்திருக்கலாம், "எனக்கும் சொன்னதில்லையே" என்றேன். "நீ யாரு சொல்லிக் கேட்ட? பதினெட்டு வயசுல பெட்டிய எடுத்துக்கிட்டு, ஹாஸ்டலுக்குப் போறேன்னு வாசல்ல நின்னு சொன்னவ நீ" என்றாள். உண்மைதான். அப்போது உனக்குப் பதினோரு வயது. பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை நீ வந்தாய்.

இயக்குநருக்கு வர இயலாது என்று எழுதிவிட்டேன். உனக்காக விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அப்படி ஒரு நல்ல குணத்தை இந்த வயதில் என்மேல் ஏற்றாதே. இரவில் அம்மாவுக்கு ஆள் இல்லை, அதுதான் காரணம். கோபம் போய்விட்டது என்றும் எழுதமாட்டேன். காலையில் இருக்கிறது, சாயங்காலம் களைப்பில் மறந்துவிடுகிறது.

அத்தியாயத்தை இங்கிருந்தே முடித்து அனுப்பினேன். நகர்வதைப் பற்றி எழுதிய பகுதியில் ஒரு வாக்கியம் சேர்த்திருந்தேன். வீட்டிலிருந்து ஒருவர் வேலைக்குப் போகும்போது அவர் செய்துவந்த வேலை மறைவதில்லை, வீட்டில் கடைசியாக மிஞ்சுகிறவர் மேல் அது இறங்குகிறது என்று. இயக்குநர் அதன் ஓரத்தில், 'இதற்குச் சான்று எங்கே?' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார். சான்று அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தது. வாக்கியத்தை எடுத்துவிட்டேன். அவர் கேட்டதில் தவறில்லை. நானும் மாணவர்களிடம் அதையேதான் கேட்பேன்.

ஏஜென்சிக்காரர் நேரில் வந்தார். இனிப் பெண்கள் கிடைக்கமாட்டார்கள், ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார், பகலுக்கு வருவார், ஆம்பளை பரவாயில்லையா என்றார். நான் தயங்கினேன். அம்மா உள்ளேயிருந்து, "எனக்குத்தான் கண்ணு தெரியாதே. வெக்கப்படறதா இருந்தா அவர் படட்டும்" என்றாள். போன திங்கட்கிழமையிலிருந்து வருகிறார். இருமிக்கொண்டே நடக்கிறார், அம்மாவுக்கு அது திருப்தி.

குட்டி, உனக்கு யாரும் சொல்லாததை நான் இப்போது எழுதினால் அது நேரம் தவறிய பேச்சு. நீ ஏற்கெனவே போய்விட்டாய். ஆனாலும் எழுதிவைக்கிறேன், யாராவது ஒருவர் சொன்னதாக இருக்கட்டும். அங்கேயே இரு.

நேற்று உன் அலமாரியைக் காலி செய்தேன். மூன்று பெட்டி வந்தது. துணிகள், உன் தையல் டப்பா, பாதியில் விட்ட அஞ்சல்வழிப் படிப்பின் புத்தகங்கள். படிப்பாயா மாட்டாயா என்று எனக்குத் தெரியாது. தூக்கிப்போட மனம் வரவில்லை. லாரி சர்வீஸில் போட்டிருக்கிறேன், வியாழக்கிழமைக்குள் வந்துவிடும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். கம்பளிச் சட்டைகளையும் அதிலேயே வைத்திருக்கிறேன். குளிர் வர இன்னும் ஐந்தாறு மாதம் இருக்கிறது. அப்போது மறுபடி ஒரு பெட்டி கட்ட என்னால் ஆகாது.

அக்கா